உனக்குப் போட்ட தனிக் கதிரை

இன்று காலை மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பும்போது உன் நினைவு வந்துவிட்டது. "மேளத்துக்கும் காலைச் சாப்பாடா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாய். நானும் ஒவ்வொரு முறையும் சிரிப்பேன். நீ போய் மூன்று மாதமாகிறது. உனக்குத் தமிழ் தெரியாது. அந்தத் துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் மெல்பேர்ணில் எங்கள் குழு என்ன வாசிக்கிறது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. கானாவிலிருந்து வந்த நீ, உடுக்கைப்போல் இடை சிறுத்த மேளத்தைக் கக்கத்தில் இடுக்கிப் பேசவைப்பாய். மற்ற இருவரும் கிற்றாரில் அமெரிக்க றொக்கையும் நாட்டார் பாட்டையும் கலப்பார்கள். யாழ்ப்பாணத்தான் எனக்கு அங்கே என்ன வேலை என்று தயங்கினேன். "நீ வாசிக்காவிட்டால் என் பாட்டு நொண்டும்" என்றாய்.

மல்கிரேவில் ஒரு தமிழ் வீட்டுப் பொங்கலுக்கு என்னை மிருதங்கம் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வீட்டு மகளை எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். பார்க்க ஆசைப்பட்டு நீயும் வந்தாய். நான் காரைப் பூட்டுமுன் என் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாய். வாசலில் பெண்ணின் தாயான அன்ரி உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இவர் ஆர்?"

சிநேகிதன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. சம்பந்தம் குழம்பிவிடுமென்று பயந்தேன்.

"சாமான் தூக்க வந்தவர், அன்ரி."

"அப்ப கராஜில ஒரு கதிரையைப் போட்டு அவருக்குச் சாப்பாட்டைக் குடுத்துவிடுவம்."

என்ன பேசினீர்கள் என்று கேட்டாய். உன்னை எங்கள் குழுவின் தலைவர் என்று சொன்னதாகக் கூசாமல் புளுகினேன். உள்ளே எல்லோரும் காத்திருக்க உனக்கு மட்டும் முதலில், தனியாகப் பரிமாறினார்கள். உன் ஊரில் பெரியவர்களை அப்படித்தான் மதிப்பார்களாம். திரும்பும்போது அதைச் சொல்லிச் சொல்லி நெகிழ்ந்தாய். நான் வீதியையே பார்த்துக் காரோட்டினேன்.

சம்பந்தம் சரிவந்தது. ஒத்திகைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டேன். வேலை என்று சாட்டுச் சொன்னேன். உன் முகத்தைப் பார்க்க வெட்கம். நீ கோபிக்கவே இல்லை.

உன் இறுதிச் சடங்கில் உன் மகள் பேசினாள். இந்த நாட்டில் தன் அப்பாவைத் தலைவனாக மதித்த முதல் வீடு ஒரு தமிழ் வீடு என்றாள். தனிக் கதிரையையும் முதல் சாப்பாட்டையும் நீ சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாயாம். "அங்கிள், நீங்கள்தானே கூட்டிப்போனீர்கள்?" என்று என் பக்கம் திரும்பினாள். அருகில் என் மனைவி இருந்தாள். நான் தலையாட்டினேன்.

எல்லோரும் எனக்குக் கைதட்டினார்கள். அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் இன்னும் சுமக்கிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் கூசுகிறது.