திருவள்ளூர் வரும்வரை

ஜூன் 24, செவ்வாய்

அகராதி வேலைக்கு இன்று வந்த சொற்களில் ‘பிரைன்ஸ்டார்ம்’ இருந்தது. மற்றவற்றை மதியத்துக்குள் முடித்துவிட்டேன். இது மட்டும் நகரவில்லை. தமிழில் பொருள் எழுத வேண்டும்; பெயராக ஒரு வாக்கியம், வினையாக ஒரு வாக்கியம். அகராதியைத் தொகுக்கும் சிவப்பிரகாசம் சார் சென்னையிலிருந்து போனில், “மூளைப்புயல்னு போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க மேடம்” என்றார். மொபைலில் வரப்போகும் அகராதி. அவருக்கு அவசரம்.

புயலா? எங்கள் மூன்று பேருக்கு அது அப்படியா இருந்தது?

ஜூன் 25, புதன்

தூக்கமில்லை. எல்லாம் ஞாபகம் வருகிறது.

அப்போது நான் சென்னையில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். காலையில் திருத்தணியில் ஏறுவேன். ஆஸ்பத்திரி ஆயா தாயம்மாக்கா கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ் பிடித்து வந்து என்னோடு ஏறுவார். அரக்கோணத்தில் புஷ்பலதா ஏறுவாள். ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதும் வேலை. பதினோரு வருஷம் இப்படி. லேடீஸ் பெட்டியில் ஜன்னல் ஓரம் யாருக்கு என்று மட்டும்தான் சண்டை.

அந்தச் சொல்லைக் கொண்டுவந்தது புஷ்பாதான். அவள் பள்ளியில் யாரோ வந்து ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்களாம். “மனசுல வர்றதையெல்லாம் சொல்லணுமாம். கிறுக்குத்தனமா இருந்தாலும் சொல்லணும். அப்ப யாரும் நொட்டை சொல்லக் கூடாதாம். அதுக்குப் பேரு பிரைன்ஸ்டார்ம்” என்றாள். தாயம்மாக்கா காதில் அது ‘பிரைன் ஸ்டாரு’ என்று விழுந்தது. அன்றிலிருந்து எங்களுக்கு அது ஸ்டார் போடுவது. “இன்னாடி, மூஞ்சி தொங்கிகினு இருக்குது. ஸ்டார் போடலாமா?”

சட்டமும் வைத்துக்கொண்டோம். அரக்கோணம் தாண்டினால் திருவள்ளூர் வரைக்கும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ‘ஆகாது’ என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. திருவள்ளூரில் கூட்டம் ஏறும். அப்புறம்தான் எது ஆகும், எது ஆகாது என்ற பேச்சு. என் கல்யாணத்துக்கு வாப்பாவைச் சம்மதிக்க வைத்தது அந்தப் பெட்டியில் பிறந்த யோசனை. என் வீட்டுக்காரர் முஸ்தஃபாவுக்கு இன்றுவரை அது தெரியாது.

கொரோனா வந்தது. கம்பெனியை மூடினார்கள். வீட்டில் உட்கார்ந்து சொற்களுக்குப் பொருள் எழுத ஆரம்பித்தேன். ரம்ஜானுக்கு ஒரு வாட்ஸ்அப், பொங்கலுக்கு ஒரு வாட்ஸ்அப் — அவ்வளவில் நின்றுபோனோம். புஷ்பாவின் வீட்டுக்காரர் இறந்தபோது போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அதுவே இரண்டு வருஷம் ஆகிறது.

ஜூன் 28, சனி

புஷ்பாவைக் கூப்பிட்டேன். அந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று கேட்கத்தான்.

“நல்ல வேளை கூப்ட்ட. நான் புனேவுக்குப் போறேன்டி” என்றாள்.

மகன் குமரேசன் அங்கே வேலையில் இருக்கிறான். பேரனுக்கு இரண்டு வயது. மருமகள் மறுபடி வேலைக்குப் போகிறாளாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அரக்கோணம் வீட்டுக்குக் குடி வருகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயாச்சு. ஆடி பிறப்பதற்குள் கிளம்ப வேண்டுமாம்.

“உனக்கு இஷ்டமா?” என்று கேட்டேன்.

“என்னைக் கேட்டா முடிவு பண்ணாங்க?” என்று சிரித்தாள். பாவம்.

சொல்லைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

கே.ஜி.கண்டிகைக்குப் போனேன். தாயம்மாக்காவுக்கு ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது. கத்திக் கத்திச் சொன்னேன். “அவள அனுப்பக் கூடாதுடி. வண்டியில ஏறலாம். ஸ்டார் போடலாம்” என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

ஜூலை 3, வியாழன்

இன்று ஏறினோம். ஆபீஸ் கூட்டம் போன பிறகு வரும் வண்டி, பெட்டி பாதி காலி. அரக்கோணத்தில் புஷ்பா ஏறினாள். முடிக்குச் சாயம் போடுவதை விட்டிருக்கிறாள். எதிரே உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் முழங்காலிலும் கை வைத்தாள்.

புளியமங்கலத்தில் தாயம்மாக்கா ஆரம்பித்தார். “குடி வர்றவங்க கிட்ட வூட்ல பேய் இருக்குதுன்னு சொல்லிடலாம். ஓடிடுவானுங்க.”

“பேரனை இங்க கூட்டியாந்துடலாம். நாம மூணு பேரும் வளர்க்கலாம்” என்றேன் நான்.

“இவளுக்குக் கால் ஒடஞ்சிடுச்சின்னு மாவுக்கட்டு போட்டு வுட்டுடலாம். எனக்குக் கட்டத் தெரியும்.”

“எங்க மாடி ரூம் காலியாத்தான் இருக்கு. என்கூட வந்து இரு.”

புஷ்பா சிரித்துக்கொண்டே இருந்தாள். மணவூர் தாண்டியது. கடம்பத்தூரில் வண்டி நின்றபோது ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

“நான் ஒண்ணு சொல்றேன். எனக்குப் போணும்.”

“எங்க?” என்றார் தாயம்மாக்கா.

“புனேவுக்குத்தான்க்கா! ஆளாளுக்குப் பாவம் பாவம்னு சொல்லிகினு இருக்காங்க. நானும் தலையாட்டிகினு இருக்கேன். அவரு போனப்புறம் டிவிய போட்டுட்டுதான் சாப்பிடறேன். அந்த வூட்ட வுட்டு ஒரு புது ஊரப் பாக்கணும்டி. புருசன் செத்து ரெண்டு வருஷத்துல ஊர் பாக்கப் போறாளான்னு கேப்பாங்க. அதனால யார்கிட்டயும் சொல்லல.” மூச்சு வாங்கினாள். “ஆனா ஆயாவாப் போகமாட்டேன். அதையும் அவன்கிட்ட சொல்லல.”

‘வேணாம்டி’ என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். தாயம்மாக்கா என் கையை அழுத்திப் பிடித்தார். “திருவள்ளூர் இன்னும் வரல. நீ பேசாத.”

வந்தது. இறங்கினோம். பிளாட்பாரம் பெஞ்சில் இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆங்... போ” என்றேன். “போறதுக்கு முன்னாடி அவன்கிட்ட பேசு. இப்பவே பேசு.”

அங்கேயே குமரேசனைக் கூப்பிட்டாள். “வர்றேன்டா. சந்தோஷமாத்தான் வர்றேன். ஆனா காலையில நான் வேலை தேடிக்குவேன். மதியத்துலேர்ந்து புள்ளைய பாத்துக்கறேன். அதுவரைக்கும் பிளே ஸ்கூல்ல வுடுங்க.” அந்தப் பக்கத்திலிருந்து அவன், “இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா” என்றது எனக்கே கேட்டது.

தாயம்மாக்காவுக்கு எதுவும் கேட்கவில்லை. “இன்னா சொல்றான்? இன்னா சொல்றான்?” என்று என்னை உலுக்கினார்.

ஜூலை 4, வெள்ளி

அவ போகக் கூடாதுன்னு நெனச்சது யாரு? நான்தானே. அவளுக்காக ஏறினேன்னு சொல்லிக்கினேன். எனக்குத்தான் அவ வேணும். அஞ்சு வருஷமா பக்கத்துலயே இருந்தா, அந்த ஒரு தடவைக்கு மேல போய்ப் பாத்தேனா? இப்ப மட்டும் என்ன?

மாலையில் அந்தச் சொல்லை முடித்து அனுப்பினேன்.

பெயர்: பலர் சேர்ந்து, சரியா தவறா என்று நிறுத்திப் பார்க்காமல், தோன்றுவதையெல்லாம் சொல்லி யோசனை தேடுதல். வினை: ‘விழாவை எங்கே நடத்தலாம் என்று எல்லோரும் கூடி யோசனைகளை அள்ளிப் போட்டார்கள்.’ பழைய ஆங்கிலப் பொருள் ஒன்றும் உண்டு, அதையும் சேர்த்தேன்: திடீரென்று புத்தி தடுமாறிப் போதல். கடம்பத்தூரில் எனக்கு நேர்ந்தது அதுதான்.

சிவப்பிரகாசம் சார் ‘நீளமா இருக்கு மேடம், ஆனா இருக்கட்டும்’ என்று பதில் போட்டிருக்கிறார்.

ஜூலை 15, செவ்வாய்

புனே வழியாகப் போகும் மும்பை வண்டி திருத்தணியில் நிற்காது. அரக்கோணத்தில் ஏறியதும் புஷ்பா போன் செய்தாள். முஸ்தஃபா மெக்கானிக் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு பைக்கில் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தார். கதவோரம் நின்று கையாட்டுவதாகச் சொல்லியிருந்தாள். தூசியும் சத்தமுமாக ஒரு நிமிஷத்தில் போய்விட்டது. எந்தக் கை அவளுடையது என்று தெரியவில்லை. எல்லாப் பெட்டிக்கும் கையாட்டினேன்.

“பாத்தியா?” என்றார் முஸ்தஃபா.

“ஆங். பாத்தேன்.”

ஜூலை 22, செவ்வாய்

தாயம்மாக்காவைக் கூட்டிப்போய்க் காது மெஷின் வாங்கினோம். மாட்டியதும், “ஏன்டி இப்படிக் கத்தற?” என்றார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் புஷ்பா கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல். ஒரு சின்னப் பள்ளியில் கணக்கு வேலை, போன வாரம் சேர்ந்தாளாம். லோக்கல் வண்டியில் போய்வருகிறாள். பக்கத்தில் ஒரு தெலுங்குக்காரப் பெண்ணும், இந்தியில் மட்டும் பேசுகிற ஒரு அம்மாவும் தினம் உட்காருகிறார்களாம். “அந்தம்மாவுக்கு வூட்ல ஒரு பிரச்சினை. இப்ப அதத்தான் பேசிகினு இருக்கோம்” என்றாள். எனக்குப் பொறாமை இல்லை. கொஞ்சம் இருந்தது.

தாயம்மாக்கா வெள்ளிக்கிழமைகளில் இங்கே வருவதைச் சொல்ல ஆரம்பித்தேன். அங்கே ஒலிபெருக்கியில் ஏதோ ஸ்டேஷன் பெயர் சொன்னார்கள். மராத்தியோ இந்தியோ, எனக்குப் பிடிபடவில்லை.

“என் ஸ்டேஷன் வந்துடுச்சி. இறங்கறேன்டி” என்றாள் புஷ்பா.