வளைவில் ஒரு ஹாரன்கூட இல்லை

அன்புள்ளவளே,

துன்ஹாவில் உன் அக்கா வீட்டில் குளிர் அதிகமா? "நிடியாவை அந்த நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்ட விட்டால் நான் திரும்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்காகவே சனிக்கிழமை பேருந்தில் ஏறினேன். வழியில் மகளை நிறுத்தி, சைக்கிளோடு வீட்டுக்குக் கூட்டி வர நினைத்தேன்.

பாதி மலையில் அவள் தெரிந்தாள். ஒதுங்க ஓரமில்லாத சாலை. முன்னால் அவள், பின்னால் எங்கள் பேருந்து, அதற்கும் பின்னால் லாரிகள்.

"முந்திக்கிட்டுப் போப்பா, நேரமாகுது," என்றார் ஒருவர்.

ஓட்டுநர் திரும்பவே இல்லை. "மேடு ஏறுற பிள்ளைய எவனாவது முந்துவானா? அவசரம்னா இறங்கி நடங்க. அப்பவும் அவதான் ஜெயிப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. எல்லா ஓட்டுநர்களும் இவரைப் போல இல்லை என்பது நமக்குத் தெரியுமே. சைக்கிளில் போன நம் மகன் வில்மர் வண்டி மோதி இறந்த இடத்தில், அவன் நினைவாக நண்பர்கள் வெள்ளையடித்து நட்ட சைக்கிள் நிற்கும் வளைவு வந்துகொண்டிருந்தது. மூன்று வருடமாக நாம் அந்தப் பக்கம் போனதில்லை.

அவள் ஒரு கையை எடுத்து, அண்ணனின் சைக்கிள் இருக்கையைத் தொட்டுவிட்டு ஏறினாள். பின்னால் அத்தனை லாரிகள், ஒரு ஹாரன்கூட இல்லை. ஒரு பிள்ளை எழுந்து வாசிக்கும்போது வகுப்பு தானாக அடங்குமே, அப்படி.

நிறுத்தச் சொல்லத்தான் ஜன்னலைத் திறந்தேன். "ஏறு மகளே, ஏறு" என்று கத்தினேன். பேருந்தே சேர்ந்து கத்தியது.

அந்தச் சாலையில் ஆபத்தில்லை என்று சொல்ல மாட்டேன். வரும் ஞாயிறும் போகிறாள். அவள் குடிக்க வெல்லத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டு அந்த வளைவில் நிற்கலாம் என்றிருக்கிறேன். அங்கே என்னால் தனியாக நிற்க முடியாது. வா.

உன் வாத்தியார்