உன் குரலில் பேசிய நாள்

என் பிரியமுள்ள கோமளா அக்கா,

அன்றைக்குக் கிணற்றடியில் நான் சொல்லாமல் விட்டது ஒரே வாக்கியம்: "பேசறது அக்கா இல்ல, நான்தான்." சொல்லியிருந்தால் உன் மகள் மல்லிகாவின் படிப்பு அன்றோடு நின்றிருக்கும். இப்போது சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தால், அது உண்மைதானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. உன்னை விட்டால் யாரிடம் கேட்பேன்?

நீ போய் இரண்டு வருஷத்தில் மல்லிகாவுக்கு எட்டு வயதாகிவிட்டது. மாமா திருவண்ணாமலையில் வேறு கல்யாணம் செய்துகொண்டார். குழந்தை எங்களோடு, நம் நைனாவின் கடலை மண்டி வீட்டில் இருக்கிறாள். நம் தெருவுக்குக் கரண்டு வந்துவிட்டது, அதைச் சொல்ல மறந்தேனே.

பதினாறாம் வாய்ப்பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு அப்படியே திருப்பிச் சொன்னாள் உன் மகள். பொட்டலம் கட்ட வரும் பழைய பேப்பரை ஓர் எழுத்து விடாமல் படிப்பாள். ஆனால் சிலேட்டில் ஒரு கணக்கைப் பாதி போடுவதற்குள் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் அவ்வளவுதான். பலப்பம் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம்.

பள்ளிக்கூடத்தில் திடீரென்று பேர் சொல்லிக் கூப்பிட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். மணி அடித்தால் பெஞ்சுக்கு அடியில் நுழைந்து காதைப் பொத்திக்கொள்வாள். மற்ற நேரமெல்லாம் ஜன்னல் வழியே ராஜகிரி மலையைப் பார்த்தபடி இருப்பாள். உச்சி வெயிலில் அந்தப் பாறைகள் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பது போல, இதோ திரும்பிவிடுவார்கள் போல. "மலையிலருந்து அவ அம்மா கூப்புடுறா" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு மல்லிகா காதிலும் விழுந்தது.

நான் வீட்டிலேயே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். நடந்துகொண்டே கணக்குச் சொல்ல விட்டேன், தப்பே வரவில்லை. ஒரு கணக்கு மட்டும் தெரியும்படி மற்றதை அட்டையால் மறைத்தேன், முடித்துவிட்டாள். நாளைக்கு என்ன கேட்பார்கள் என்று இன்றைக்கே சொல்லி வைத்தால் வாந்தி வரவில்லை. இதையெல்லாம் போய் வாத்தியாரிடம் சொன்னேன்.

"ஏம்மா, நாப்பது புள்ளைங்கள வெச்சிக்கினு நான் இருக்கறன். ஒன்னு நடந்துக்கினே படிக்கும், ஒன்னு பறந்துக்கினே படிக்கும்னா நான் இன்னா பண்ணட்டும்? நாலு பொஸ்தகம் படிச்சிட்டு எனக்கே பாடமா?"

வகுப்பே சிரித்தது. மல்லிகாவும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகு வாத்தியார் மண்டிக்கே வந்து நைனாவிடம், "காத்து கருப்பு பட்ட பொண்ணு மொதலாளி. நிறுத்திடுங்க" என்றார். நைனா ஒரே பேச்சாகச் சொன்னார்: "ஆடி வருது. பூவாடை அழைக்கறப்ப கோமளாவையே கேட்டுடலாம். அவ நிறுத்துன்னா நிறுத்திடறேன்."

சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரி என்று கிணற்றடியில் பம்பை அடித்து வீட்டுக்கு அழைப்பதும், அவள் யார் மேலாவது இறங்கிப் பேசுவதும், அந்தப் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாததும் நீ அறிந்ததுதானே. நம் வீட்டில் யாரை அழைத்தாலும் அத்தை மேல்தான் இறங்கும். அத்தையோ ஒரு மாதமாக, "பொட்டப் புள்ளைக்குப் படிப்பு எதுக்கு? எனக்கு ஒத்தாசையா வூட்டுல இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நீ என்ன சொல்வாய் என்பது எனக்கு முன்பே தெரிந்துபோயிற்று.

நான்கு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டேன்.

காலை பத்து மணி இருக்கும். நல்ல வெயில். உன் பேருக்கு வாங்கிய மஞ்சள் புடவையும் பூச்சுற்றிய சொம்பும் கிணற்றடியில் இருந்தன. பம்பை உச்சத்துக்குப் போனது. அத்தை தலைமுடியை அவிழ்க்கக் கையைத் தூக்கினாள். அதற்கு முன் நான் எழுந்துவிட்டேன்.

"யாரும்மா வந்திருக்கறது?" என்றார் பம்பைக்காரர்.

"கோமளா."

"இன்னாத்துக்கு இவ மேல வந்தா?" அத்தைக்கு ஏமாற்றம். உடனே சுதாரித்துக்கொண்டாள். "பூவு வேணுமா, பொடவை வேணுமான்னு கேளுய்யா!"

"எம் பொண்ணுக்கு மொத பெஞ்சு வேணும்," என்றேன். "ஜன்னல் பக்கம் வேணாம். ஒரு கணக்கு முடிஞ்சா எழுந்துபோய்ப் பானையில தண்ணி ரொப்பட்டும். திடீர்னு பேர் சொல்லிக் கூப்புடாதே, அடிக்காதே."

கூட்டத்தில் நின்ற வாத்தியார் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார். "அப்படியே ஆவட்டும் தாயே." போன மாதம் நான் கேட்டபோது கேலி பேசிய அதே வாய்.

அங்கே நான் உட்கார்ந்திருக்க வேண்டும். என் வாக்கியங்கள் முடிந்துவிட்டன. ஆனால் வாய் மூடவில்லை, அக்கா.

"என்னத் தூக்குனப்ப அவள மூட்டை ரூமுல வெச்சிப் பூட்டினியே, நைனா. சேகண்டி நிக்கற வரைக்கும் கதவுக்குக் கீழ காதை வெச்சிக்கினு கிடந்தாளே."

பம்பை நின்றது. நைனா கிணற்றுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் இருக்கும். உன்னை எடுக்கும்போது குழந்தை பார்க்கக் கூடாது என்று, வேர்க்கடலை மூட்டை அடுக்கும் இருட்டறையில் அவரே விட்டுப் பூட்டியிருக்கிறார். அத்தைக்குக்கூடத் தெரியாது. நான் அன்று விழுப்புரத்தில் ஹாஸ்டலில் இருந்தேன். தந்தி கிடைத்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எனக்கு எப்படித் தெரியும்? மல்லிகா தூக்கத்தில் ஏதாவது உளறி, அது என் மனதில் தங்கியிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று பகலில் நினைத்துக்கொள்கிறேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மல்லிகா என் அருகில் வந்தாள். பயமே இல்லை அந்த முகத்தில். என்னைச் சித்தி என்று கூப்பிடவில்லை.

"நீயும் அந்த ரூமுக்குள்ளதான் இருந்தியா?" என்று கேட்டாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. தலையை ஆட்டினேன் என்கிறாள் அத்தை. பிறகு மல்லிகா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, இரண்டு வருஷமாக அழாத அழுகையை அழுதாள். அந்தப் பிடியில் என் உடம்பு சில்லென்று இருந்ததாம், அத்தனை வெயிலில்.

அன்று மாலையே நைனா ஆசாரியைக் கூட்டி வந்து மூட்டை அறையின் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னார். வாத்தியார் நான்கையும் ஒன்று விடாமல் செய்தார். ஐந்தாவதாக ஒன்றை அவரே யோசித்தார்: பள்ளிக்கூட மணி என்பது தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான், சாவு வீட்டில் அடிக்கும் சேகண்டியின் சத்தமேதான். "இனிமே நீயே அடி" என்று சுத்தியலை மல்லிகா கையில் கொடுத்தார். எத்தனை அடி, எப்போது அடி என்பது அவளுக்கு முன்பே தெரிகிறதல்லவா? இப்போது பெஞ்சுக்கு அடியில் ஒளிவதில்லை. அவர் நல்ல வாத்தியார்தான் அக்கா. செத்தவள் சொல்லித்தான் அவருக்குக் காது கேட்டது என்பதில் மட்டும் எனக்குக் கசப்பு போகவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வாரத்துக்கு மூன்று பலப்பம் தொலைகிறது. சில காலைகளில் வயிறு பிடிக்கிறது. அன்றைக்கு நானும் கூடப் போய் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். மலையை இன்னும் பார்க்கிறாள். அங்கே என்ன தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன். "இப்ப ஒன்னும் இல்ல சித்தி" என்றாள். இப்போது என்றால்?

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். அச்சில் வந்தால் நைனாவும் வாத்தியாரும் படிப்பார்கள். படிக்கட்டும். முதல் பெஞ்சிலிருந்து அவளை இனி யாரும் எழுப்ப மாட்டார்கள். அவள் என்ன செய்யக்கூடியவள் என்று கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். இனி அவளுக்காக உன் குரலை எடுக்க மாட்டேன். என் குரலிலேயே கேட்பேன். சிரித்தால், சிரித்து முடிக்கும் வரை நின்று மறுபடி கேட்பேன்.

மல்லிகா மூன்றாம் வகுப்பு தேறிவிட்டாள். கணக்கில் அவள்தான் முதல். கடைசிக் கணக்கைப் பாதியில் விட்டிருந்தாள்.

உன் தங்கை, மல்லிகாவின் சித்தி,
சுலோச்சனா