குவார்ட்டர்ஸ் எண்ணில் தொலைந்த ஜுல்பிகர்

ஜூலை 7, திங்கள்

“டீச்சர், நாங்க வேற குவார்ட்டர்ஸ் போயிட்டா நான் வேற பையனா?”

எங்கள் சுரங்க டவுன்ஷிப் பள்ளியில், பிளஸ் டூ கம்ப்யூட்டர் வகுப்பில் ஜுல்பிகர் கேட்டது. வகுப்பே சிரித்தது. எத்தனை வருடமாயிற்று! மந்தாரக்குப்பத்தில் சாஃப்ட்வேர் ஆபீஸ் வைத்திருக்கும் விஜயராஜ், தன் டெவலப்பர்களுக்கு டேட்டாபேஸ் அடிப்படை சொல்லித்தர இப்போது என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அவர்களுடைய முதல் வேலை, எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சந்திப்புக்கான பதிவு. ஜுல்பிகரும் போன வாரம் ஓசூரிலிருந்து போன் செய்தான்: “பேர் பதிஞ்சிட்டேன் டீச்சர்.”

ஜூலை 9

எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு அடையாளம், குவார்ட்டர்ஸ் எண்!

“பேரைச் சொன்னா இங்க யாருக்குத் தெரியுது டீச்சர்? பிளாக்கும் ரோடும் சொன்னாத்தானே தெரியும்?” என்றாள் ஹரிணி. அதைச் செய்த டெவலப்பர் அவள்தான்.

நானே ரிட்டயர் ஆகும்வரை ‘பதினொண்ணாம் பிளாக் கனகம் டீச்சர்’தானே.

ஜுல்பிகரைத் தேடச் சொன்னேன். இல்லை. அவன் வீட்டு எண்ணில் ஜெயராமன் இருந்தான், அவர்களுக்குப் பின் அங்கே குடிவந்த வீட்டுப் பையன். அதே எண்ணில் ஜெயராமன் பதிந்ததும் ஜுல்பிகரின் வரி அழிந்திருக்கிறது. இப்படி இன்னும் எத்தனை பேரோ! திங்களன்று அழைப்பு போகிறது. பட்டியலில் இல்லாதவர்களுக்குப் போகாது. கூப்பிடவே இல்லையேன்னு நெனச்சிக்கினு ஒக்காந்திருப்பானே அந்தப் பய!

ஜூலை 10

“மொத வேலைம்மா, நம்ம பேரு கெட்டுடும்” என்றார் ஹரிணியிடம் விஜயராஜ். அவள் மதியம் சாப்பிடவில்லை.

ஜூலை 11

பலகையில் மூன்று அட்டவணை வரைந்தேன். ஆட்கள்: ஒவ்வொருவருக்கும் மாறாத ஓர் எண். வீடுகள்: ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. மூன்றாவதில், யார் எந்த வீட்டில் எப்போதிலிருந்து எப்போதுவரை.

ஹரிணி எழுந்து வந்து மூன்றாவது அட்டவணையில் விரல் வைத்தாள். “அப்ப வீடுங்கிறது ஆள் இல்ல. ஆள் இருந்த எடம். அவ்ளோதானா டீச்சர்?”

அவ்வளவுதான். ரிட்டயராகி குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்த அன்று இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். கொடியில் காயும் புடவையில் கரித்தூளைத் தட்டித்தட்டி மடித்த அந்த வீட்டை விட்டு வந்தபோது, பாதி கனகத்தையும் அங்கேயே விட்டு வந்ததாக அழுதேனே.

பதிவு செய்தவர்களுக்கெல்லாம் போன ஒப்புதல் மெயில் ஆபீஸில் இருக்கிறதாம். அதைப் பார்த்து, விட்டுப்போனவர்களைச் சேர்க்கிறார்கள்.

ஜூலை 13

அந்த வீட்டு எண்ணுக்கு இப்போது ஜுல்பிகர், ஜெயராமன் என்று இரண்டு பெயர் வருகிறது. சந்தோஷத்தில் ஹரிணி கத்திய கத்தலில் கீழே டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சந்திப்பு. சாப்பாட்டுப் பந்தியில் ஒரே சத்தம்.

“அந்த வீட்டுப் பலாமரம் எங்க அத்தா வெச்சதுடா!” என்றான் ஜுல்பிகர்.

“வெச்சா ஆச்சா? தண்ணி ஊத்துனது யாரு?” என்றான் ஜெயராமன்.

ஜுல்பிகருக்குத் தலை நரைத்துவிட்டது. ஜெயராமனுக்கு முடியே இல்லை. என்னைப் பார்த்ததும் ஜுல்பிகர் எழுந்தான். “டீச்சர், அன்னிக்கு நீங்க பதிலே சொல்லல. நான் அதே பையன்தானே?”

“அதே வாயாடிதான்டா. உக்காந்து சாப்டு.”

பரிமாறிக்கொண்டிருந்த ஹரிணி அவன் இலையில் இன்னொரு வடை வைத்தாள்.

நாளை விஜயராஜ் ஆபீஸில் புது ஆட்களுக்கு வகுப்பு. பலகையில் முதலில் எழுத வேண்டியது: நீங்கள் குடியிருந்த வீடுகளை ஒரு தாளிலும், உங்களையும் உங்களுக்கு முன்னும் பின்னும் அங்கே இருந்தவர்களையும் இன்னொரு தாளிலும் எழுதி, யார் எங்கே இருந்தார் என்று கோடு போட்டு இணையுங்கள்.