அசீரியச் சிப்பாயும் அப்பாவின் கன்னாஸும்

இன்று காலை இனயம் கரையில் அப்பா ஒரு வெள்ளைக் கன்னாஸை வள்ளத்திலிருந்து தூக்கி என் காலடியில் போட்டார். மண்ணெண்ணெய் வாங்குகிற பிளாஸ்டிக் கேன்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன். மூடி தொலைந்து, வாயில் பழந்துணி திணித்திருந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ நினைவில் வந்துவிட்டாய். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே நாளில் இந்த வாடைக்குத்தான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாய். அம்மாவின் மீன்குழம்பை மட்டும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாய்.

நீ போய் நான்கு வருடம் ஆகிறது. உன்மேல் எனக்குப் பொறாமை இருந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘இருந்தது’ என்பது பொய்யாகப் பட்டது.

மார்த்தாண்டத்தில் துணிக்கடை வைத்திருந்த வீட்டுப் பெண் நீ. வரலாற்று வகுப்பில் கை தூக்காமலேயே பேசுவாய், யாரும் தடுக்கமாட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வாயைத் திறந்தால் கடற்கரை ராகம் வந்துவிடும். பின்பெஞ்சில் யாராவது அதே ராகத்தில் திருப்பிச் சொல்வார்கள். அதனால் மூன்று வருடமும் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பட்டாவை நீ ஒரே இழுப்பில் சரிசெய்வதை வீட்டுக் கண்ணாடி முன்னால் செய்துபார்த்தேன். வரவில்லை.

கடைசி வருடக் கருத்தரங்குக்கு நம் இருவருக்கும் அசீரியப் பேரரசு கிடைத்தது. எழுத்து எனக்கு, பேச்சு உனக்கு. ஒரு வாரம் நூலகத்தில் இருந்தேன். விவசாய வேலை முடிந்ததும் கூடிக் கலைந்துகொண்டிருந்த படையை, வருடம் முழுக்க நிற்கும் படையாக்கினார்கள். கையில் இரும்பு ஆயுதம். மதிலை இடிக்கச் சக்கரம் வைத்த வண்டி. எதிர்த்த ஊர்களை என்ன செய்தோம் என்று அரண்மனைச் சுவரிலேயே செதுக்கிவைத்தார்கள். படை போய்ச் சேருவதற்கு முன்பே பயம் போய்ச் சேர்ந்தது. சில ஊர்கள் தாமாகவே கதவைத் திறந்தன. தோற்ற ஊர்களின் வீரர்களையும் தச்சர்களையும் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். அந்த வரியை எழுதும்போது, உன் படையில் வேலை பார்க்கிற தோற்ற ஊர்த் தச்சன் நான்தான் என்று நினைத்தேன்.

மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில் உனக்கு ஒரு படம் காட்டினேன். அசீரியச் சிப்பாய்கள் காற்றடைத்த ஆட்டுத்தோலை அணைத்துக்கொண்டு ஆற்றைக் கடக்கும் சிற்பம்.

“நல்லா கெட்டி வச்சிருக்கான், அவ்வளவுதானே?” என்றாய்.

“இல்லட்டி. முடிச்சே இல்ல, பாரு. தோலுக்க கால வாயில வச்சிருக்கான். காத்து எறங்க எறங்க ஊதிட்டே நீந்துதான்.”

“ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“வள்ளம் கவுந்தப்ப எனக்க அப்பா மூடி போன கன்னாஸ நெஞ்சுக்கடியில வச்சு, ஓட்டையப் பெருவெரலால அடச்சுட்டே கரைக்கு வந்தாரு. வெரல எடுத்திருந்தா முங்கியிருப்பாரு.”

நீ என் தோளில் ஓங்கி அடித்தாய். “மக்கா, இது எந்தப் புக்குலயும் இல்லட்டி! இத நீதான் சொல்லணும், கேட்டியா?”

கருத்தரங்கில் அந்தப் படம் திரையில் வந்ததும் பேராசிரியர் கேட்டார், “நடு ஆத்துல காத்து எறங்கிட்டா இவன் என்ன செய்வான்?”

நீ என் பக்கம் திரும்பினாய். “ஏட்டி, சொல்லு.” நான் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “சொல்லு மக்கா,” என்றாய் மறுபடியும், மெதுவாக. காத்திருந்தாய். பிறகு நீயே சொன்னாய், என் அப்பாவை, கன்னாஸை, பெருவிரலை. வகுப்பே கைதட்டியது. எல்லோரும் உன்னைப் பார்த்துத் தட்டினார்கள்.

“எனக்க அப்பாவ நீ என்னத்துக்குச் சொன்ன? எடுத்துட்டல்லா?” என்றேன் பஸ் ஸ்டாண்டில்.

“எடுக்கல்லட்டி. தந்தேன். நீ வாங்கல்ல.”

அதற்குப்பின் உன்னோடு பேசவில்லை. இரண்டு முறை போன் செய்தாய், எடுக்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் உனக்கு மஞ்சள்காமாலை. எட்டே நாள்.

கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. எனக்கு இதில் பாதிக் கூட்டமாவது வருமா என்று நினைத்தேன். அந்த இடத்திலும் அதைத்தான் நினைத்தேன். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, “இனயத்துப் பிள்ள நீதானா மோளே? ஒனக்க அப்பா நீந்துன கதைய வீட்டுக்கு வாற எல்லார்ட்டயும் இவ சொல்லுவா,” என்றார். என் அப்பாவின் கதைகூட உன் வாயில்தான் நன்றாக இருந்திருக்கிறது.

நீ திருடிவிட்டாய் என்றே எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் திருட்டுக் கதையில் உன் ‘சொல்லு மக்கா’ கிடையாது. அசீரிய ராஜாக்களும் தாங்கள் தோற்றதைச் சுவரில் செதுக்கவில்லை.

இன்று ஒன்பதாம் வகுப்புக்கு அசீரியர் பாடம் எடுத்தேன். கன்னாஸை மேசைமேல் வைத்து, ஓட்டையில் பெருவிரலை வைத்து, அப்பா கரைக்கு வந்ததைச் சொன்னேன். நடுவில் ஒரு பெண் என் ராகத்தில் எதையோ திருப்பிச் சொன்னாள், நாலு பேர் சிரித்தார்கள். நீ எனக்காகக் காத்திருந்த அந்தச் சில நொடிகள் ஞாபகம் வந்தன. அவை மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. விரலை எடுக்காமல் அப்பாவைக் கரையேற்றி முடித்தேன்.

நன்றாகவே சொன்னேன். நீ சொன்ன அளவுக்கு இல்லை.