வேங்கை கக்கிய மஞ்சள்

இன்று காலை, மழையில் நனைந்த வேங்கைப் பலகைகளைத் தூக்கி அடுக்கினேன். உள்ளங்கை முழுக்க மஞ்சள். சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நீ பக்கத்தில் நின்று சிரிப்பதுபோல் இருந்தது. போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியும் என்னைக் கிண்டல் செய்ய மட்டும் நீ தவறுவதில்லை.

யுத்தத்தில் ரங்கூன் கப்பல் நின்றுபோன நாட்களை நினைத்துக்கொண்டேன். சிந்தாதிரிப்பேட்டையில் நாம் கூட்டாக வைத்திருந்த மரவாடிக்கு வந்தவர்களெல்லாம் பர்மா தேக்குதான் கேட்டார்கள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நீயோ மேற்கே மலைக்காட்டுப் பக்கம் போய், வேங்கைக் கட்டைகளை ரயிலில் ஏற்றிவிட்டு வந்தாய். "நம்ம காட்ல இல்லாததா நைனா? வேங்கை கீது, மருது கீது, வாகை கீது. பேர் சொல்லி விக்கத்தான் ஆள் இல்ல" என்றாய். அறுப்பதும் இழைப்பதும் உன் வேலை, பேசி விற்பது என் வேலை. அந்தப் பேச்சில்தான் நான் கோட்டை விட்டேன்.

தியாகராய நகரில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஜவுளிக்கடைக்காரர் வாசல் நிலைக்குத் தேக்கு கேட்டார். வேங்கை என்றால் எழுந்து போய்விடுவார் என்று பயம். எண்ணெய் பூசிய வேங்கையைக் காட்டி, பர்மா தேக்கு என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் மூச்சு விடவில்லை. அவர் வேங்கைக்கு ஒப்புக்கொண்டார் என்றே நம்பி நீயும் நிலையைச் செய்து சுண்ணாம்புச் சுவரில் நிறுத்தினாய். ஐப்பசி மழை பிடித்தது. நனைந்த நிலையிலிருந்து மஞ்சள் சாறு கசிந்து புது வெள்ளைச் சுவரில் வழிந்தது. கிரகப்பிரவேசத்துக்குப் பத்தே நாள்.

அவர் ஆளனுப்பினார், இருவரும் போனோம். "ஏன்யா, தேக்கு மஞ்சளைக் கக்குமா?" என்றார். நீ என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். எல்லாம் புரிந்துவிட்டது உனக்கு.

"இது வேங்கைங்க. சொல்லாம வுட்டது என் தப்பு. சரி பண்றதுக்கு வழி கீது" என்றாய்.

சாந்தோம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூடப் போகாமல், நிலையைப் பெயர்த்து, சுவரைத் தொடும் பக்கத்தில் தார் பூசி, முகப்புக்கு வார்னிஷ் அடித்து மறுபடி நிறுத்தினாய். சுவருக்கு நானே வெள்ளையடித்தேன். திரும்பி நடந்து வந்தபோது தேனாம்பேட்டையில் தோள் மாற்றுவதற்காகக் கருவிப்பையை இறக்கினாய். பிறகு, "அடுத்தவன் பேர்ல வித்தா இதோட பேர் எப்ப நைனா வெளிய வரும்?" என்றாய். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தை மாதம் அவருடைய எதிர்வீட்டுக்காரர் நம் வாடிக்கு வந்தார். "வேங்கை இருக்கா?" என்று பேர் சொல்லிக் கேட்டார். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, பதில் சொல்லவும் மறந்து நீ நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இப்போது வருகிறவர்கள் முன்னால் ஈரத்துணியால் மரத்தைத் துடைத்து, அந்த மஞ்சளை முதலில் காட்டுகிறேன். "இது வேங்கை, இப்படித்தான் சாயம் விடும். தொட்டியில ஊறவச்சு, காயவச்சுத் தர்றேன்" என்கிறேன். வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

மரத்தின் குறையைச் சொல்ல எனக்கு வாய் வந்துவிட்டது. அன்று பொய் சொன்னது நான்தான் என்று உன்னிடம் சொல்லத்தான் நீ இருந்தவரை வரவில்லை. இதோ, சொல்லிவிட்டேன்.