ஒரே சட்டம், மூன்று ஊர்

செவ்வாய், பெப். 10
காலையிலிருந்து தூறல். கவுன்சில்காரர் குப்பை எடுக்க வரவில்லை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து அண்ணையின் சிநேகிதர் போன்: அண்ணையை ஆம்புலன்ஸில் ஏற்றினார்களாம். தனியாக இருக்கிற மனுஷன். என்ன வருத்தம், எந்த நோய், தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்தேன். அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு தாதி. தகவல் பாதுகாப்புச் சட்டமாம், ஒன்றும் சொல்ல முடியாதாம். உயிரோடு இருக்கிறாரா? அதுவும் முடியாதாம். தூ!

போன வருடம் பாரிஸில் அக்காவுக்கு ஒப்பரேஷன். அங்கேயும் இதே ஐரோப்பியச் சட்டம்தான். தம்பி என்றேன், வெட்டி எடுத்தது என்ன என்பதுவரை சொன்னாள் அந்தத் தாதி. உடனே குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். கனடா வரைக்கும் சொந்தக்காரர் கோயிலில் நேர்த்தி வைத்தார்கள். மனுஷர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

புதன்
தூக்கமில்லை. மறுபடி அடித்தேன். அதே பல்லவி.

இங்கே நோர்பரியில் வேறு கூத்து. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த நாடு, இந்தச் சட்டத்தை மட்டும் விடவில்லை. மனைவி வசந்தியின் இரத்தப் பரிசோதனை முடிவு கேட்டேன். அவர் போனில் வந்து ஒரு ஹலோ சொல்ல வேண்டும் என்றாள் ஜிபி டொக்டரின் ரிசெப்ஷன்காரி. வசந்தி சொன்னாள். முடிவு வந்தது. எந்தப் பொம்பிளை ஹலோ சொல்லியிருந்தாலும் வந்திருக்கும்!

ஒருத்தி வாய் மூட மாட்டாள், ஒருத்தி திறக்க மாட்டாள், ஒருத்திக்கு ஹலோ போதும். எல்லாமே அருவருப்பு.

பால், உள்ளி வாங்க. ஸ்டுட்கார்ட் டிக்கெட் பார்க்க.

வியாழன்
பேருக்கு வெயில். மத்தியானம் அண்ணையே எனக்குப் போன் எடுத்தார். உயிருக்கு ஆபத்தில்லை. அழுதுவிட்டேன். பிறகு அந்தத் தாதியை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"அவளைத் திட்டாதை. நான்தான் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாமெண்டனான். முக்கியமா உனக்கு."

"எனக்கோ? ஏன் அண்ணை?"

"உன்ரை அக்காவின்ரை கர்ப்பப்பைக்கு கனடாவிலை நேர்த்தி வைக்கப் பண்ணினவன் நீயெல்லோ."

பிறகு வருத்தத்தின் பெயரைச் சொன்னார். ஒருத்தரிடமும் மூச்சு விடக்கூடாதாம். இந்த டயரியில்கூட எழுதவில்லை. அருவருப்பு அடங்கவில்லை, ஆனால் யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வெள்ளி
மழை. குப்பை அப்படியே கிடக்கிறது. வாட்ஸ்அப்பில் கேள்விக்குமேல் கேள்வி, பதில் போடவில்லை. பின்னேரம் பாரிஸிலிருந்து அக்கா போன்.

"அண்ணைக்கு என்னடா?"

"அது சொல்ல ஏலாது, அக்கா."



"என்ரையை மட்டும் சொல்ல ஏலுமாயிருந்ததோ?"